ஒரு பெட்டியில் டிக் இடுவதற்கு முன்: வீட்டு விமானக் கட்டுப்பாடுகளின் முன்வரலாறு

பெங்களூரில் நான் தங்கியிருக்கும் ஆய்வாளர் விடுதியில், பக்கத்து அறை மாணவர் ஒருவர் சென்ற மாதம் பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றை வாங்கிவந்து தம் கணினியில் பொருத்தினார். சிமுலேட்டர் மென்பொருளில் சிறிய ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றை ஓட்டிப் பழகுவது அவர் நோக்கம். வேகம் கூட்டும் ஒவ்வொரு முறையும் விமானம் இடப்புறம் இழுத்துக்கொண்டு ஓடுபாதையை விட்டுப் புல்வெளியில் இறங்கியது. நான்காம் முறை அவ்வாறு நேர்ந்ததும், "எனக்கு இது வராது" என்று சொல்லிவிட்டுக் கருவியைக் கழற்றப் போனார்.

அமைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தோம். "ஆட்டோ ரட்டர்" என்றொரு சிறு பெட்டி. அதில் டிக் இல்லை. அவருடைய ஜாய்ஸ்டிக்கிலோ சுக்கானை இயக்கும் வசதியே கிடையாது. ஆக, விமானத்தின் மூன்று கட்டுப்பாடுகளில் ஒன்று அவர் கைக்கே எட்டவில்லை. பெட்டியில் டிக் இட்டோம். தண்டைச் சாய்த்தே ஓடுபாதையில் நேராகச் செல்ல முடிந்தது. "இந்தப் பெட்டியை ஏன் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். அன்று நான் அரைகுறையாகச் சொன்ன பதிலின் முழு வடிவமே இப்பதிவு.

என் வாதம் எளியது. வீட்டுச் சிமுலேட்டரின் அமைப்புப் பட்டியலில் நாம் காணும் ஒவ்வொரு தேர்வும், விமான வரலாற்றில் எங்கோ ஒரு காலத்தில் நடந்த ஒரு பூசலின் எச்சம். அவற்றுள் மூன்றை இங்கு எடுத்துக்கொள்கிறேன்: கட்டுப்பாடுகளை இணைப்பதா பிரிப்பதா, கை உணரும் விசை எங்கிருந்து வரவேண்டும், எந்தப் பிடியை எங்கே வைப்பது. மூன்றின் அடியிலும் ஒரே கேள்விதான் கிடக்கிறது. பறப்பு தவறும்போது, தவறு கையுடையதா, கருவியுடையதா?

1. இணைப்பா, பிரிப்பா

ரைட் சகோதரர்கள் 1902-இல் கிட்டி ஹாக் மணல்மேடுகளில் சோதித்த மிதவை விமானத்தில் இறக்கை நுனிகளை முறுக்கிப் பக்கவாட்டுச் சமநிலையைக் காத்தனர். ஓர் இறக்கையை உயர்த்த அதை முறுக்கினால் அப்பக்கத்தில் காற்றின் இழுவையும் கூடும். மூக்கு விரும்பிய திசைக்கு எதிராகத் திரும்பும். இதைத் தடுக்கப் பின்னால் அசையாத செங்குத்துத் தகடுகளைப் பொருத்தியபோது நிலை வேறு விதமாகக் கெட்டது. தாழ்ந்த இறக்கை சுழன்று மணலில் குத்தியது. "கிணறு தோண்டுதல்" என்று அதற்கு அவர்களே பெயரிட்டனர். தீர்வு இரு படிகளில் வந்தது. தகட்டை அசையும் சுக்கானாக்க வேண்டும் என்றார் ஆர்வில். அதை இறக்கை முறுக்கும் கம்பிகளோடு இணைத்துவிடலாம் என்றார் வில்பர். 1903 டிசம்பர் 17 அன்று பறந்த விமானத்தில் குப்புறப் படுத்திருந்த ஓட்டுநர் தம் இடுப்பை ஒருபுறம் நகர்த்தினால் இறக்கையும் சுக்கானும் ஒருசேர அசைந்தன. இன்றைய "ஆட்டோ ரட்டர்" பெட்டியின் முதல் வடிவம் இதுவே.

ஆனால் இணைப்பை அமைத்தவர்களே அதைப் பிரித்தும்விட்டனர். வட்டமிட்டுத் திரும்பக் கற்றுக்கொண்டபோது சுக்கானைத் தனியே இயக்க வேண்டிய தருணங்கள் வந்தன. 1905-ஆம் ஆண்டின் மூன்றாம் விமானத்தில் சுக்கானுக்குத் தனிப்பிடி கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 5 அன்று அது 39 நிமிடங்கள் தொடர்ந்து பறந்து 24 மைல் கடந்தது.

1906-இல் ரைட் சகோதரர்களுக்குக் கிடைத்த காப்புரிமை இறக்கை முறுக்கலையும் சுக்கானையும் சேர்த்துப் பேசியது. கிளென் கர்ட்டிஸ் தம் விமானங்களில் கீல் போட்ட தனித் தகடுகளை வைத்தார். ஓட்டுநரின் தோளைத் தழுவிய சட்டம் அவற்றை இயக்கியது. சுக்கானுக்குத் தனிச் சக்கரம். ரைட் தரப்பு வழக்குத் தொடுத்தது. கர்ட்டிஸ் தரப்பு வாதங்களுள் ஒன்று: தம் விமானத்தில் சுக்கான் அத்தகடுகளோடு ஒருசேர இயக்கப்படுவதில்லை என்பது. நீதிமன்றம் 1913-இல் ரைட் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1914 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. இன்று சுட்டியால் ஒரு தட்டுத் தட்டி முடிவு செய்யும் ஒன்று, அன்று வழக்குரைஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்ட பொருள்.

இணைப்பு தோற்றுப்போன கருத்தும் அன்று. 1937-இல் முதன்முதலாகப் பறந்த எர்கூப் என்னும் சிறு விமானத்தை ஃபிரெட் வெய்க் வேண்டுமென்றே சுக்கான் பெடல்கள் இல்லாமல் வடிவமைத்தார். சக்கரப் பிடியைத் திருப்பினால் சுக்கானும் உடன் திரும்பும். புதியவர்கள் சுழலில் சிக்கி இறப்பதைத் தவிர்ப்பது அவர் நோக்கம். கால்களைப் பயன்படுத்த இயலாத பலர் பிற்காலத்தில் அவ்விமானத்தை நாடியது, அவ்வடிவமைப்பு திறந்துவிட்ட இன்னொரு வாயில். எனவே, "ஆட்டோ ரட்டர் வைத்து ஓட்டுவது ஏமாற்று வேலை" என்று சிமுலேட்டர் ஆர்வலர்கள் சிலர் இளக்காரமாகச் சொல்வதை வரலாறு ஆதரிக்கவில்லை.

2. தண்டா, சக்கரமா

முதல் பத்தாண்டுகளில் விமானத்தை எவ்வுறுப்பால் ஓட்டுவது என்பதில் ஒருமித்த கருத்தே இல்லை. ரைட் சகோதரர்கள் இடுப்பையும், பின்னர் இரு நெம்புகோல்களையும் பயன்படுத்தினர். கர்ட்டிஸ் தோளை நம்பினார். சாந்தோஸ் துமோன் 1906-இல் தம் உடலில் கட்டிய வார்களால் இறக்கைத் தகடுகளை இயக்கினார். பிரான்சின் ஆந்த்வானெத் விமானத்தில் ஓட்டுநரின் இருபுறமும் இரு சக்கரங்கள் இருந்தன. ஒரே தண்டால் மூக்கையும் சாய்வையும் ஆளும் முறையைக் கண்டவராக ரொபேர் எஸ்னோ-பெல்த்தெரி குறிப்பிடப்படுகிறார். அம்முறையையும் காலால் இயக்கும் சுக்கான் கட்டையையும் ஒன்றுசேர்த்து நிலைநிறுத்தியவர் லூயி பிளேரியோ. 1909 ஜூலை 25 அன்று அவர் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது, அச்சேர்க்கைக்குக் கிடைத்த மிகப்பெரிய விளம்பரம். சக்கரத்தைத் திருப்பிச் சாய்வையும், அதைத் தாங்கிய தண்டை முன்பின் தள்ளி மூக்கையும் ஆளும் முறை தெபர்துசேன் விமானங்களோடு பெயர்பெற்றது.

பின்னர் இரண்டும் தத்தம் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டன. பெரிய, கனத்த விமானங்களில் கம்பிகளை இழுக்க இரு கைகளின் வலிமை தேவைப்பட்டது; அங்குச் சக்கரம் நிலைத்தது. ஒரு கை எஞ்சின் வேகத்துக்கோ ஆயுதத்துக்கோ தேவைப்பட்ட போர் விமானங்களில் தண்டு நிலைத்தது. அதாவது, இந்தப் பிரிவினையைத் தசைவலிமையும் வேலைப் பங்கீடும் தீர்மானித்தன, அழகியல் அன்று. இன்று கடையில் "யோக்" என்னும் சக்கரப் பிடியையும் ஜாய்ஸ்டிக்கையும் அருகருகே பார்த்துத் திகைப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே: நான் ஓட்டப் போவது எது, என் மற்றொரு கை எங்கே இருக்கும்? செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானத்தின் இடப்பக்க இருக்கையில் இடக்கை யோக்கிலும் வலக்கை எஞ்சின் நெம்புகோலிலும் இருக்கும். போர் விமானத்தில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

3. விசை எங்கிருந்து வருகிறது

தரையிலேயே பறக்கக் கற்பிக்கும் முயற்சியும் ஏறத்தாழ விமானத்தின் வயதினதே. ஆந்த்வானெத் பள்ளியில் இரண்டு அரைப் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, மேலே மாணவரை அமர்த்தி, உதவியாளர்கள் கையால் அசைத்தனர். அவர் இரு சக்கரங்களையும் திருப்பிச் சமநிலைக்கு மீள வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்ட்டனில் தம் தந்தையின் ஆர்கன், பியானோ தொழிற்கூடத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனின் காற்றுத் துருத்திகளைக் கொண்டே 1929-இல் ஓர் அசையும் பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். முதலில் அதைக் கேளிக்கைப் பூங்காக்களே விரும்பி வாங்கின. 1934-இல் அமெரிக்க இராணுவ விமானப் பிரிவு அஞ்சல் சேவையை ஏற்றுப் பல விமானிகளை மோசமான வானிலையில் இழந்த பிறகே இராணுவம் 6 பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அரை மில்லியன் அளவிலான வான்படையினர் அவற்றில் பயின்றனர்.

துருத்திகள் சாய்வைத் தந்தன. ஆனால் கையில் ஏறும் கனம் வேறு பொருள். கம்பியால் இயங்கும் விமானத்தில் காற்று தகடுகளை அழுத்தும் விசையே தண்டின் வழியாகக் கைக்கு வருகிறது. வேகம் இரட்டித்தால் அவ்விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். மெதுவாகப் பறக்கும்போது தண்டு தளர்ந்திருக்கும். கண்ணால் வேகமானியைப் பாராமலே கை அதை அறியும். 1940-களின் தொடக்கத்தில் நாக்கா ஆய்வகத்தில் ராபர்ட் கில்ரூத், விமானிகள் "நல்ல விமானம்" என்று சொல்வதன் பொருளை அளவிடத்தக்க விதிகளாக வகுத்தார். தண்டு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைவிட அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது என்பதே விமானியின் தீர்ப்பைப் பெரிதும் அமைத்தது. அகவுணர்வு பொறியியல் அளவீடாக மாறிய இந்நிகழ்வைத் தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் வால்ட்டர் வின்சென்ட்டி தம் 1990-ஆம் ஆண்டு நூலில் ஓர் அத்தியாயமாகவே எழுதியுள்ளார். அறிவியல் தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவர் தவறவிடக் கூடாத அத்தியாயம் அது.

ஹைட்ராலிக் இயக்கம் வந்ததும் காற்றின் விசை கையை வந்தடையும் வழி அறுந்தது. பொறியாளர்கள் வில்சுருள்களைக் கொண்டும், வேகத்துக்கேற்ப இறுகும் அமைப்புகளைக் கொண்டும் செயற்கைக் கனத்தை உண்டாக்கினர். மின்வழிக் கட்டுப்பாடு இதை இன்னும் தொலைவுக்குக் கொண்டுசென்றது. எஃப்-16 விமானத்தின் முதல் பக்கத்தண்டு அசையவே இல்லை. கை தரும் அழுத்தத்தை மட்டும் அளந்தது. அசையாத தண்டை விமானிகளின் கை ஏற்கவில்லை; பின்னர் சிறு அசைவு சேர்க்கப்பட்டது. 1987-இல் முதன்முதலாகப் பறந்த ஏர்பஸ் ஏ320-இல் இரு விமானிகளின் பக்கத்தண்டுகளுக்கும் இடையே இயந்திர இணைப்பு இல்லை. 2009 ஜூன் 1 அன்று 228 பேருடன் அட்லாண்டிக்கில் வீழ்ந்த ஏர் பிரான்ஸ் 447, ஏ330 வகையைச் சேர்ந்தது; அதிலும் இதே ஏற்பாடு. அவ்விபத்துக்குக் காரணங்கள் பல. எனினும், பக்கத்தில் இருப்பவர் தண்டை எப்பக்கம் இழுக்கிறார் என்பதைத் தன் கையால் உணர முடியாமை குறித்த விவாதம் அதன் பின் வலுத்தது.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது தேஜஸைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. இயல்பிலேயே நிலைகுலையும் வடிவம் கொண்ட அவ்விமானத்தைக் கணினி இடையறாது நேர்ப்படுத்துகிறது. விமானியின் தண்டு அசைவை அவ்வேலையோடு இசைவிக்கும் கட்டுப்பாட்டு விதிகளை எழுதத் தேசியக் குழு ஒன்று இங்கே அமைந்தது. 1998 அணு ஆயுதச் சோதனைகளுக்குப் பின் அமெரிக்க ஒத்துழைப்பு நின்றபோதும் பணி தொடர்ந்தது. 2001 ஜனவரி 4 அன்று முதல் பறப்பு நிகழ்வதற்கு முன், தரைச் சிமுலேட்டர்களில் விமானிகளின் கை சொன்ன தீர்ப்பே அவ்விதிகளைத் திருத்தி வந்தது.

4. பிடியின் வடிவம்

இரண்டாம் உலகப் போரில் தரையிறங்கிய பின் இறக்கை மடிப்புகளை உள்ளிழுக்க எண்ணிச் சக்கரங்களை மடக்கிவிட்ட விமானிகள் பலர். "விமானியின் பிழை" என்று கோப்பு மூடப்பட்டது. இரண்டு பிடிகளும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன என்பதை உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் கவனித்தார். ஒன்றின் முனையில் சிறு சக்கரமும் மற்றதன் முனையில் ஆப்பு வடிவமும் பொருத்தினால் இருட்டிலும் கை வேறுபாடு அறியும். பால் ஃபிட்ஸும் ரிச்சர்டு ஜோன்ஸும் 1947-இல் இத்தகைய 460 பிழை அனுபவங்களைத் தொகுத்து ஆராய்ந்தனர். ஏறத்தாழப் பாதி, ஒரு கட்டுப்பாட்டுக்குப் பதில் வேறொன்றை இயக்கிய பிழைகள். பழி கையிலிருந்து கருவியின் அமைப்புக்கு நகர்ந்த இடம் இது. இன்றும் பயணிகள் விமானத்தில் சக்கரங்களை இயக்கும் பிடி சக்கர வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது விதி.

5. மேசைக்கு வந்தபோது

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1975-இல் கணினிவழிப் பறப்புக் காட்சி பற்றி முதுநிலை ஆய்வேடு அளித்த புரூஸ் ஆர்ட்விக், பின்னர் ஆப்பிள் II கணினிக்கான சிமுலேட்டரை எழுதினார். 1982-இல் மைக்ரோசாஃப்ட்டின் பெயரில் அது ஐபிஎம் கணினிக்கு வந்தது. நூற்றாண்டுத் தொடக்கத்தில் இடுப்பும் தோளும் காலும் செய்த வேலை அனைத்தும் இப்போது எண் விசைகளுக்குச் சென்றது. ஐபிஎம் கணினியின் ஜாய்ஸ்டிக் இணைப்பு, தண்டின் நிலையை நேரடியாக அளக்கவில்லை. மின்தேக்கி ஒன்று நிரம்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு ஊகித்தது. கருவிக்குக் கருவி அவ்வெண் மாறியதால், "தண்டை நான்கு மூலைகளுக்கும் சுழற்றுக" என்னும் அளவுத்திருத்தச் சடங்கு பிறந்தது. அது இன்றும் நம் பட்டியலில் இருக்கிறது.

மேசைத் தண்டு, விமானத்தின் தண்டைவிடக் குட்டையானது. அதன் வில்சுருளுக்கு வேகம் தெரியாது. நிற்கும் விமானத்திலும் விரையும் விமானத்திலும் ஒரே கனம். அமைப்புப் பட்டியலின் பெரும்பகுதி இவ்விழப்பை ஈடுசெய்யும் முயற்சியே. 1997-இல் மைக்ரோசாஃப்ட் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ப்ரோ, மோட்டார்களால் விசையைத் திருப்பித் தந்தது. அண்மை ஆண்டுகளில் அவ்வகை மீண்டும் சந்தைக்கு வந்துள்ளது. ஆனால் ஆய்வு உதவித்தொகையில் வாழ்பவர்க்கு எட்டும் விலையில் இல்லை. ஆகவே எஞ்சியோர்க்கு வரலாறு தரும் நடைமுறை அறிவுரைகள் சிலவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, ஒரே கருவிதான் வாங்க முடியுமெனில், தன் அச்சில் முறுக்கக்கூடிய ஜாய்ஸ்டிக்கை வாங்குக. முறுக்கம் சுக்கானாகும், மூன்று கட்டுப்பாடுகளும் கைக்குள் வரும். ஹால் விளைவு உணரி உள்ளது கிடைத்தால் நன்று. எட்வின் ஹால் 1879-இல் கண்ட அவ்விளைவைப் பயன்படுத்தும் உணரியில் உரசித் தேயும் பகுதி இல்லை. பெடல் அடுத்த கட்டம். குறுக்குக் காற்றில் தரையிறங்கவும் ஹெலிகாப்டர் ஓட்டவும் விரும்புவோர்க்கு அது பயன்தரும். வலப் பெடலை அழுத்தினால் மூக்கு வலப்புறம் திரும்பும். மிதிவண்டிக் கைப்பிடியின் பழக்கத்துக்கு இது எதிர். முதல் சில நாள் குழப்பத்துக்கு அஞ்சி அச்சைத் தலைகீழாக்கிவிட வேண்டாம்.

இரண்டாவது, மென்பொருளுக்கு முன் மரச்சாமான். முழங்கை தாங்கலில் இருக்க, மணிக்கட்டு மட்டும் அசையும் உயரத்தில் தண்டு இருக்கட்டும். சக்கரம் வைத்த நாற்காலியில் அமர்ந்து பெடலை அழுத்தினால் நாற்காலிதான் பின்னே போகும். சக்கரங்களுக்குத் தடை வைக்க வேண்டும்.

மூன்றாவது, அளவுத்திருத்தம் முடிந்ததும் ஒரே அச்சு இரு கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். மென்பொருள் தானாகவே அவ்வாறு ஒதுக்கிவிடுவதுண்டு. அப்போது இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

நான்காவது, அசைவுக்கு எதிர்வினை காட்டாத நடுப்பகுதியான டெட் ஸோன், தண்டைத் தொடாதபோதும் விமானம் நடுங்கினால் மட்டுமே தேவை. அப்போதும் நடுக்கம் நிற்கும் அளவுக்கு மட்டும். மிகுதியாக வைத்தால், தரையிறங்கும் நேரத்தில் மிக வேண்டிய நுண்ணசைவுகளையே அது விழுங்கிவிடும்.

ஐந்தாவது, உணர்திறன் வளைவு. நடுவில் மென்மையாகவும் ஓரங்களில் கூர்மையாகவும் இருக்குமாறு வளைத்தால் குட்டைத் தண்டின் குறை ஓரளவு மறையும். ஆனால் முதல் சில மணி நேரம் நேர்கோட்டிலேயே ஓட்டுக. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறித்து வைக்க வேண்டும். கில்ரூத்தின் முறையும் சாராம்சத்தில் இதுவே: கையின் முறையீட்டை எண்ணாக்குவது.

ஆறாவது, ட்ரிம். உண்மை விமானத்தில் தண்டைப் பிடித்திருக்கும் கனம் நீங்கும்வரை ட்ரிம் சக்கரத்தைத் திருப்புவர். தண்டு அப்புதிய இடத்திலேயே ஓய்வெடுக்கும். வில்சுருள் தண்டின் ஓய்விடமோ மாறாது. எனவே, ட்ரிம் ஏற ஏறத் தண்டை மெல்ல நடுவுக்குத் தளர்த்திக் கொண்டுவர வேண்டும். புதியவர்களின் விமானம் அலைபோல் ஏறி இறங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஏழாவது, பொத்தான்கள். சக்கரத்தையும் இறக்கை மடிப்பையும் அடுத்தடுத்த பொத்தான்களில் வைக்காதீர்கள். 460 பிழைகளின் அனுபவம் அதற்குள் இருக்கிறது.

பக்கத்து அறை மாணவர் ஆட்டோ ரட்டரை நீக்கவில்லை. முறுக்கும் தண்டு வாங்கப் பணம் சேர்த்து வருகிறார். நேற்று மீண்டும் ஓடுபாதையை விட்டு விலகினார். இம்முறை கருவியைக் கழற்றவில்லை. பட்டியலைத் திறந்து, டெட் ஸோன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். தொழில்நுட்ப வரலாறு படிக்கும் நமக்கும் அப்பட்டியல் ஓர் ஆவணம்தான். "பயனர் பிழை" என்று எளிதில் எழுதிவிடும் ஒவ்வோர் இடத்திலும், அக்கருவியை யார், எக்கைக்காக அமைத்தார்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுவோம்.